முரல் மீன் வைத்த கிற்றார்

போன கிழமை ஒரு பெண்பிள்ளை பழைய கிற்றார் ஒன்றைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குருநகரில் இருந்து வருகிறாளாம், கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிறவளாம். கம்பிகளைத் தாங்கும் கட்டை, வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே, அது ஒரு பக்கம் எழும்பிவிட்டது, ஒட்டித் தரவேண்டும் என்றாள். இந்த வயதில் எனக்குக் கண்ணும் கையும் ஒத்துவருவதில்லை என்று சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் துணி விலகியது. குதிரைக்குக் கீழே, கருங்காலியில் செதுக்கிய இரண்டு முரல் மீன்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சங்குத் துண்டில் வைத்த கண்கள் இன்னும் மினுங்கின. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"இது சவிரி ஓடாவி செய்த கிற்றார் ஐயா. அப்பப்பா சாகுமட்டும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றாள்.

சவிரி ஓடாவி செய்த கிற்றாராம்! நானும் ஓடாவிதான், எனக்கும் தச்சுவேலைதான் தொழில். அந்தக் கிற்றாரின் கழுத்தைச் செதுக்கியது நான். முகப்பலகையைக் கண்ணாடி போல மெல்லிசாகச் சீவியது நான். பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்கியது நான். சவிரி செய்தது அந்த இரண்டு மீனும்தான். சரி, விலாப் பலகைகளை வளைத்ததும் அவன்தான், ஆனால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் உன்னியது. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவளிடம் "வைச்சிட்டுப் போ பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் போன கையோடு பழைய தகரப் பேணி ஒன்றைத் தேடி எடுத்தேன். அதற்குள் கொஞ்சம் வச்சிரம் கட்டியாகக் கிடந்தது. இப்போது கடைகளில் குழாயில் அடைத்து விற்கும் பசைக்கு மணமும் இல்லை குணமும் இல்லை. வச்சிரம் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீருக்குள் பேணியோடு இறக்கி இளக்கினால் நாலு வீட்டுக்கு நாறும். வச்சிரத்தால் ஒட்டியதை வச்சிரத்தால்தான் திரும்ப ஒட்டவேண்டும் என்பது என் பிடிவாதம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக் கதவைச் சாத்தினாள். எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும். மூக்கில் ஏறியதும் பட்டறை வந்துவிட்டது, அதோடு சவிரியும் வந்துவிட்டான்.

பட்டறை குருநகருக்குப் போகிற வழியில் இருந்தது. முதலாளி அலுமாரி, கதிரை, கட்டில், கோயில் வாங்குகள் எல்லாம் செய்வித்து விற்பவர். நான் நீர்வேலியில் இருந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் சைக்கிள் உழக்கிக்கொண்டு விடிய வந்துவிடுவேன். சவிரியின் வீடு கூப்பிடு தூரத்தில், மீன்பிடிக்கிற குருநகரில். ஆனாலும் அவன் எப்போதும் பிந்தித்தான் வருவான். வரும்போதே ஒரு பாட்டு, ஒரு பகிடி, தெருவில் யாரையாவது கூப்பிட்டு ஒரு கதை. வள்ளம் கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். பட்டறையில் என்னோடு அதிகம் கதைக்கிறவன் அவன்தான் என்பதால் நாங்கள் சிநேகிதர்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

நான் பிழை விடாத ஓடாவி. புழுகவில்லை, முதலாளியே சொல்லுவார். ஒன்றை மூன்று தரம் அளந்துவிட்டுத்தான் மரம் அரியும் வாளை எடுப்பேன். சவிரி கண்ணால் அளந்து வெட்டிவிட்டு, வெட்டின பிறகு "அடடா" என்று தலையைச் சொறிகிறவன். நாளுக்கு ஒரு பிழை விடுவான். ஆனால் அந்தப் பிழைகளை அவன் மறைக்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் மனம் வருவதில்லை.

மறைக்கிற வேலை எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். பொருத்தில் நீக்கல் விழுந்தால் அதே மரத்தின் தூளை வச்சிரத்தில் குழைத்து அடைப்போம். மரத்தில் குழி விழுந்தால் ஈரத் துணியை வைத்துச் சூடு காட்டினால் எழும்பி வரும். வெளுத்த துண்டுக்குத் தேயிலைச் சாயம். இதெல்லாம் பொலிஷ் போட்ட பிறகு தெரியாது. சவிரி இதற்கு "பவுடர் பூசுறது" என்று பெயர் வைத்திருந்தான், அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்லுவான். அவனுடைய வழி வேறு.

ஒருமுறை வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவருக்கு இரண்டு அலுமாரி. ஒன்று எனக்கு, ஒன்று சவிரிக்கு. அவன் இழுத்துத் திறக்கிற லாச்சியின் பலகையைக் கட்டையாக வெட்டிப்போட்டான். வேறு யாரும் என்றால் பலகையை எறிந்துவிட்டு வேறு எடுத்திருப்பார்கள். அவன் முதிரை மரத்தில் மஞ்சள் மஞ்சளாக ஒரு சட்டம் வார்ந்து அதைச் சுற்றிக் கரை கட்டினான். பிரக்கிராசியார் வந்தார். என் அலுமாரியின் மேலே தன் குடையை வைத்தார். வைத்துவிட்டு அவனுடைய அலுமாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மற்றதற்கும் இப்படிக் கரை கட்டினால் என்ன என்று முதலாளியைக் கேட்டார். என் லாச்சிகளில் ஒரு மயிர் நுழைய இடமில்லை, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் பிழையைப் பார்த்து, பிழையே இல்லாத என் லாச்சிகளின் ஓரத்தை நானே வெட்டிக் குறைத்துக் கரை கட்டினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பிழையை ஒளிக்கப் பாக்காதை மச்சான்" என்று அவன் எனக்குப் புத்தி சொன்னான். "பக்கத்திலை வடிவா ஒண்டை வை. கண் அங்கை போயிடும்."

பிழை விடாதவனுக்கு இந்தப் புத்தி எதற்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு என் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தான். அதையும் சொல்லவேண்டும். ஒரே ஒரு தரம் எங்கள் வீட்டுக்கு வந்தவன், அம்மாவை என்னவோ கதைத்துச் சிரிக்கவைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அம்மா கட்டித்தருகிற பொதியில் அவனுக்கென்று இரண்டு கதலிப் பழம் தனியாக இருக்கும். பெற்ற தாய் கூட அவன் பக்கம் போய்விட்டாள் என்றால் நான் யாரிடம் முறையிடுவது?

இந்த நிலையில்தான் முன் வாங்கு காலியானது. பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் வேலை செய்ய ஆளுக்கொரு வாங்குப் பலகை. தெருப்பக்க யன்னலோடு இருப்பது முன் வாங்கு. வருகிறவர்கள் முதலில் கதைப்பது அதில் இருக்கும் ஓடாவியோடுதான், பெரிய வேலைகள் அவர் கையால்தான் மற்றவர்களுக்குப் பிரியும். அதில் இருந்த மூத்தவர் கண் மங்கி வேலையில் இருந்து நின்றுவிட்டார். எனக்கு அப்போது அரியாலையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் பட்டறைக்கு வந்து என்னைப் பார்க்க இருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். அவர் வருகிற நேரம் நான் யன்னலோரம் இருக்கவேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நித்திரையிலும் அந்த வாங்குதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிற்றார் வாத்தியார் வந்தார். குருநகரில் கலியாண வீடுகளுக்கு வாசிக்கிறவர். பறங்கித் தெருவில் ஒருவரிடம் வாங்கிய பழைய கிற்றார் ஒன்று வைத்திருந்தார், அதைப் போல இன்னொன்று வேண்டும் என்றார். எங்களில் ஒருவரும் அதுவரை கிற்றார் செய்ததில்லை. முதலாளி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். இது பிழை விடாதவன் செய்யவேண்டிய வேலை என்று என்னிடம் தந்தார். வாத்தியாருக்குப் பிடித்துவிட்டால் முன் வாங்கு எனக்குத்தான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த வாங்கைத் துடைத்துவைக்கச் சொன்னார்.

நான் விட்டேனா? கோயிலுக்கு ஆர்மோனியம் வந்த சீமைப் பெட்டியின் பலகை முகத்துக்கு எடுத்தேன். மெல்லிசு, கனமில்லை, தட்டினால் தானே பேசும். முதுகுக்கும் விலாவுக்கும் பலா. விலாவை வளைக்கப் போய் இரண்டு தரம் முறிந்தது. வள்ளக்காரனுக்கு வளைப்பது கைவந்த வேலை என்பதால் சவிரி சூடான குழாயில் ஈரத்துணி சுற்றி, விசில் அடித்தபடி வளைத்துத் தந்தான். மீதி எல்லாம் நான். மெட்டுகளின் இடத்தைப் பழைய கிற்றாரில் கடதாசி வைத்து அப்படியே எடுத்தேன். கம்பியின் நீளத்தையும் அளந்தேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் குடும்பத்தில் கழிவு பார்க்காமல் ஒரு கட்டிலோ கதவோ செய்ததில்லை. நீளத்தை விரற்கணக்கில் அளந்து, பெருக்கி, எட்டெட்டாகக் கழித்தால் மிஞ்சுவதற்கு ஒவ்வொரு பெயர் இருக்கிறது. கொடி, சிங்கம், எருது, யானை வந்தால் நல்லது. புகை, நாய், கழுதை, காகம் வந்தால் வீட்டுக்கு ஆகாது. அப்படி வந்தால் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ நல்லதில் நிறுத்துவோம். கட்டிலுக்குப் பார்ப்பது போலக் கம்பிக்கும் பார்த்தேன். கழுதை வந்தது. பாடவேண்டிய சாமானுக்குக் கழுதை! பாவம் அந்தப் பறங்கிக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று எனக்கு இரக்கமாகவும் இருந்தது. குதிரையை அரை விரல் பின்னுக்குத் தள்ளி ஒட்டினேன். யானையில் வந்து நின்றது. மனம் நிறைந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கம்பி கட்டினேன். திங்கட்கிழமை வாத்தியார் வருவார். சவிரிக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும், அவனிடம்தான் முதலில் கொடுத்தேன். என் வேலையைப் பார்த்து அவன் முகம் வாடுவதைக் காணவேண்டும் என்ற ஆசை. அவன் மடியில் வைத்து மீட்டினான், சுருதி கூட்டினான், திரும்ப மீட்டினான். ஒருமாதிரி என்னைப் பார்த்தான்.

"திறந்து அடிச்சால் பாடுது மச்சான். விரல் வைச்சால் ஒப்பாரி வைக்குது. எங்கை கை வைச்சனி?"

மூன்று தரம் அளந்தேன், கம்பி சரியில்லை, உனக்கு வாசிக்கத் தெரியாது என்றெல்லாம் சண்டை பிடித்தேன். அவன் பழைய கிற்றாரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மெட்டுகள் நேருக்கு நேர் நின்றன, குதிரை மட்டும் அரை விரல் தள்ளி நின்றது. கம்பி நீண்டுவிட்டது, மெட்டுகளோ பழைய நீளத்துக்கு. வேறு வழியில்லாமல் கழுதைக் கதையைச் சொன்னேன். அவன் மரத்தூளுக்குள் விழுந்து புரண்டு சிரித்தான். கண்ணீர் வரச் சிரித்தான். கழுதைக்குப் பயந்து யானையைக் கூப்பிட்டவன் குதிரையிடம் கேட்டாயா என்றான். எனக்கு அவனைக் கொட்டாப்புளியால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அதற்குள் அழுகையும் வந்தது. அரியாலையும் முன் வாங்கும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போவது தெரிந்தது.

மற்றநாள் ஞாயிறு, பட்டறை பூட்டு. நான் வந்து வாசலில் நின்றேன். சவிரி பூசை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையைக் கூட மாற்றாமல் வந்தான். முதலாளியிடம் பூட்டுத் திறப்பு வாங்க என்ன பொய் சொன்னானோ தெரியாது. சூடு காட்டிய கத்தியைச் செருகிக் குதிரையைக் கழற்றினான். மெல்லிய பலகை அல்லவா, வச்சிரம் நாரையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. குதிரையை அதன் சரியான இடத்தில் முன்னுக்குத் தள்ளி வைத்தால், பின்னால் அரை விரல் அகலத்துக்குக் காயம் அப்படியே தெரிந்தது. அழகாகச் சீவிய என் முகப்பலகை! பார்க்க மனம் பொறுக்கவில்லை. நான் வெளியே போய் வேப்ப மரத்துக்குக் கீழே குந்திவிட்டேன். உள்ளே அவன் பாடிக்கொண்டு வேலை செய்வது கேட்டது. கூப்பிடும்வரை நான் உள்ளே போகவில்லை.

போய்ப் பார்த்தபோது காயம் இல்லை. இரண்டு முரல் மீன்கள் இருந்தன. முரலைத் தெரியும்தானே, ஊசி மாதிரி நீண்ட மீன். அந்த ஒடுங்கிய இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான மீன் கடலில் கிடையாது. கடலே தெரியாத எனக்குக் கூட அவை நீந்துவது தெரிந்தது.

திங்கட்கிழமை வாத்தியார் வந்தார். வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பிறகு கண்ணைத் திறந்தவர் மீனைக் கண்டார். கழுத்தும் முகமும் மெட்டும் எல்லாம் அந்த நிமிஷத்தோடு மறைந்துபோயின. ஆர் வைத்தது இந்த மீனை என்று கேட்டார். நான்தான் என்றான் சவிரி. எதற்காக வைத்தாய் என்று முதலாளி கேட்டார். அவருக்குத் தேவையில்லாத வேலை பிடிக்காது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் உண்மையைச் சொன்னால் என் கதை முடிந்தது.

"குருநகரிலை செய்த கிற்றார் எண்டு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமோ?" என்றான்.

வாத்தியார் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார். முதலாளியின் முகமும் மலர்ந்துவிட்டது. சவிரி என்னைக் காப்பாற்றினான். காப்பாற்றுகிற அதே வாயால் என் பேரையும் வாரிக்கொண்டு போனான். அடுத்த கிழமை முன் வாங்கு அவனுக்கு.

என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது அலங்காரம் இல்லை, ஒட்டு என்று சொன்னால், யார் விட்ட பிழைக்கு ஒட்டு என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் புகழ் அவனுக்கு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை, அது உண்மை. ஆனால் அன்றிலிருந்து என்னை "யானை" என்று கூப்பிடத் தொடங்கினான். "யானை வாறார்", "யானை சாப்பிட்டாச்சோ?" மெலிந்த என்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறான் என்று மற்றவர்களுக்குக் குழப்பம். எனக்கு அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் உடம்பில் முள் குத்தும்.

அரியாலைக்காரர் வந்த அன்று நான் பின்னால் வச்சிரப் பேணியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். சவிரி அவரை முன் வாங்கில் இருத்திக் கதைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, என்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் புகழ்ந்து அனுப்பினான். கலியாணம் நடந்தது. நடந்து கொஞ்ச நாளில் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய தகப்பன் அன்றைக்கு வீட்டுக்குப் போய், பொடியன் நல்ல பொடியன், ஆனால் கெட்டிக்காரன் முன்னால் இருக்கிறவன்தான் என்றாராம். இதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு கிற்றார் வேலை அடிக்கடி வந்தது. கலியாண வீடுகளில் கேட்டவர்கள் தேடி வந்தார்கள். நான் கழிவு கிழிவு பாராமல் செய்தேன், எல்லாம் திறமான கிற்றார்கள், ஒரு கீறல் கிடையாது. எடுத்துக் காட்டினால் முதல் கேள்வி, "மீன் இல்லையோ?" காயமே இல்லாத பலகையில் கட்டு எதற்கு என்று கேட்க முடியுமா? ஒருமுறை வீம்புக்கு நானே மீன் செதுக்கி ஒட்டினேன். வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, மிளகாய் வைத்திருக்கிறீர்கள், புதுமையாக இருக்கிறது என்றார். அதோடு உளியைக் கீழே வைத்துவிட்டேன். மீன் வைக்க எல்லாவற்றையும் முன் வாங்குக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது.

அவன் சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொன்ன நாள் நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். அங்கே கப்பல் பட்டறையில் வேலையாம். யாழ்ப்பாணம் ஸ்டேசனில் பாதி குருநகர் வந்து நின்றது. நானும் போனேன், பின்னால்தான் நின்றேன். ரயில் அசையும்போது அவன் அத்தனை தலைக்கும் மேலால் என்னைப் பார்த்து, "யானை, போயிட்டு வாறன்" என்று கத்தினான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போகிற நேரத்திலும் மானத்தை வாங்கிவிட்டான்.

முன் வாங்கு எனக்குக் கிடைத்தது. யன்னலோரம் இருந்தேன். வருகிறவர்கள் அளவைச் சொன்னார்கள், போனார்கள். நின்று கதைக்க ஒருவரும் இல்லை. பிறகு யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு சவிரியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை, யுத்தம் முடிந்தும் வரவில்லை. அம்மா கன நாளாகப் பொதியில் பழம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதை நான்தான் சாப்பிட்டேன். முதலாளி போனார், பட்டறை போனது, அந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை. இந்தப் பிள்ளையின் அப்பப்பா, எங்கள் வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, இப்போது இந்தக் கிற்றார். குதிரை எழும்பும்போது மீன்களையும் இழுத்திருந்தது, அவற்றைக் கழற்றாமல் ஒட்ட முடியாது. உண்மையைச் சொன்னால் கழற்ற எனக்கு ஆசையாகவும் இருந்தது. என் பலகையில் அந்தக் காயம் இன்னும் இருக்கும், அதை அவன் வெறும் மீனால் மூடிவிட்டுப் பேர் எடுத்தான் என்று ஒரு தரமாவது கண்ணால் பார்க்கவேண்டும். ஈரத்துணி வைத்து, கத்தியைச் சூடாக்கி, மெதுவாக எடுத்தேன்.

அடியில் காயம் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிய்ந்த இடத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அதே சீமைப் பெட்டிப் பலகையில் ஒரு கீற்று எடுத்து, நாருக்கு நார் பொருத்தி வைத்திருக்கிறான். எங்கே பொருத்து என்று நகத்தால் தடவினேன், நகம் தட்டவில்லை. இவ்வளவு காலத்துச் சூட்டுக்கும் மாரிக்கும் அது வாய் திறக்கவில்லை. மீன் தேவையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மீனை வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கிற்றாரில் பிழை இருந்தது என்று ஒரு குருவிக்கும் தெரிந்திராது. பேர் எனக்கு, முன் வாங்கு எனக்கு.

முதலில் எனக்கு வந்தது கோபம். படுபாவி, பேர் எடுக்கத்தான் மீன் வைத்திருக்கிறான் என்று வாய்விட்டுத் திட்டினேன். குசினிக்குள் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு அந்த மீன் இன்னும் செமிக்கேல்லை" என்றுவிட்டுப் போனாள். செமிக்கவில்லைத்தான். ஆனால் கோபம் ஆறினபிறகு வந்தது அதைவிடப் பொல்லாதது. நாலு ஊருக்குக் கேட்கப் புழுகுகிறவன், ஒரு சின்னக் கரை கட்டினாலும் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறவன், இந்த ஒட்டைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கூடச் சொல்லவில்லை. மறைக்கத்தான் அவன் கெட்டிக்காரன், நேர் வேலையில் நான்தான் திறம் என்று இவ்வளவு காலமும் ஒரு ஆறுதல் வைத்திருந்தேன். அந்த ஆறுதலையும் அவன் மீனுக்கு அடியில் வைத்து ஒட்டியிருக்கிறான். இந்தக் கை எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. இனி வாய்க்கவும் போவதில்லை. கிழவனாகிவிட்டேன், எரிச்சல் மட்டும் இளமையாகத்தான் இருக்கிறது.

குதிரையை ஒட்டினேன். காய்ந்த பிறகு மீன்களை வைத்தேன். முன்மீன் சரியாக இருந்தது. பின்மீனை வைக்கும்போது கை பிசகிவிட்டது. வச்சிரம் இறுகிவிட்டது, இன்னொரு தரம் கழற்றப் பலகை தாங்காது. பார்த்தால் தலை கொஞ்சம் மேலே தூக்கி, சாய்ந்து நிற்கிறது. பிழை விடாத ஓடாவி! ஆர் பார்க்கப் போகினம், விடுங்கோ என்றாள் மனைவி. இரண்டு நாளாக அதைப் பார்த்துப் பார்த்து மனம் குமைந்தேன். பக்கத்தில் வடிவாக எதை வைக்கலாம் என்றும் யோசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று அந்தப் பிள்ளை வந்தாள். நான் கிற்றாரைக் கொடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கம்பியைத் தட்டிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு குனிந்து மீனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு நாளும் நான் வடிவாக் கவனிக்கேல்லை ஐயா. பின்னாலை போற மீன் முன்னாலை போறதை முந்தப் பாக்கிற மாதிரியெல்லோ வைச்சிருக்கிறார். சவிரி ஓடாவியின்ரை கை எண்டால் சும்மாவோ?"

அது என் கை பிள்ளை என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயில் வேறு ஒன்று வந்தது.

"ஓம் பிள்ளை. அவனைப் போல ஓடாவி இல்லை."

அவள் கிற்றாரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். நான் வேலிப் படலையில் நின்றேன். சவிரி இருந்திருந்தால் இந்தக் கூத்தைக் கேட்டு நிலத்தில் புரண்டு சிரித்திருப்பான். என்னை யானை என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.